ஃபிளாக்: பாட்டுத் தொகுப்பை நம்பி ஒப்படைக்கலாமா?

சிடியையும் கேசட்டையும் கணினியில் ஏற்றி நிரந்தரமாக வைத்துக்கொள்ள எந்த ஃபார்மட் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் யோசிக்காமல் ஃபிளாக் என்பார்கள், ஒலியில் ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃபார்மட் அது. பதில் சரிதான். சொல்லப்படும் காரணங்கள்தான் இரண்டாம்பட்சமானவை. ஒலி துல்லியம் என்பார்கள். இழப்பில்லாத மற்ற ஃபார்மட்களான வேவ், அலாக், வேவ்பேக் எதை எடுத்தாலும் அதே துல்லியம்தான், பிட்டுக்குப் பிட் ஒன்று. இடம் மிச்சம் என்பார்கள். நான்கு டெராபைட் டிஸ்க் சாதாரணமாகிவிட்ட பிறகு அது பெரிய வாதமில்லை. பத்து வருஷம் கழித்துத் திறக்கும்போது, போட்டு வைத்தபடியேதான் இருக்கிறேனா, நடுவில் கெட்டுப்போனேனா என்று வேறு எந்தத் துணையும் இல்லாமல் கோப்பே சொல்லிவிட வேண்டும். காப்பகத்துக்கு முதல் தகுதி இதுதான், ஃபிளாக்கை முன்னால் நிறுத்துவதும் இதுதான். அந்தக் கோணத்தில்தான் இந்த விமர்சனம்.

முதலில் பொருளைப் பற்றி. ஜோஷ் கோல்சன் தொடங்கிய ஃபிளாக்கின் 1.0 பதிப்பு 2001-இல் வந்தது. 2003-இல், திறந்த ஒலி, ஒளி ஃபார்மட்களை வளர்க்கும் ஸிஃப் அமைப்பின் குடைக்குள் போனது. 2024 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் இதை ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் முறையான தர ஆவணமாக வெளியிட்டது. காப்பகம் வைப்பவர்களுக்கு இந்தக் கடைசித் தகவல் முக்கியம். நாளைக்கு இந்த மென்பொருளை யாரும் பராமரிக்காமல் விட்டாலும், அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு ஒரு புரோகிராமர் புதிதாக ஒரு டிகோடர் எழுதிவிடலாம். காசு கிடையாது, காப்புரிமைத் தொல்லை கிடையாது, அதன் மென்பொருள் நூலகத்தின் குறியீடு, யாரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது.

அளவுக் கணக்கு இப்படி. சிடி ஒலி வினாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள், ஒலியை ஒரு கணத்தில் அளந்த எண்), 16 பிட், இரண்டு சேனல். அதாவது வினாடிக்கு 1,76,400 பைட், ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். ஃபிளாக்கில் பெரும்பாலான சிடிகள் இதில் 50 முதல் 70 சதவீதத்துக்குள் அடங்கும். பாட்டைப் பொறுத்து இது நிறைய மாறும். தனிக் குரலும் தம்புராவும் நன்றாகச் சுருங்கும். ஒலியளவை முட்ட முட்ட ஏற்றி மாஸ்டர் செய்த 2000-க்குப் பிந்தைய குத்துப்பாட்டு சுருங்கவே மறுக்கும். ஐம்பது, அறுபதுகளின் மோனோ பாடல்கள் இரண்டு சேனலிலும் அச்சாக ஒன்றாக இருந்தால் பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஃபிளாக் தனியாக எழுதும், அங்கே வித்தியாசம் பூஜ்யம். ‘மோனோ’ பாட்டு குறையவே இல்லையென்றால் சிடி தயாரித்தவர்கள் அதற்குப் போலி ஸ்டீரியோ பூசியிருக்கலாம், அல்லது டேப் இரைச்சல் இரு பக்கமும் வேறு வேறாக இருக்கலாம். சிடிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், சராசரியாக 500 சிடிக்கு 175 முதல் 190 ஜிபி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வேவ் ஆக வைத்தால் இதே 500 சிடி 317 ஜிபி.

இனி அந்த முக்கியமான சமாச்சாரம். சுருக்குவதற்கு முன்னால் இருந்த ஒலியின் எம்டி5 கையொப்பத்தை, அதாவது ஒலி ஒரு பிட் மாறினாலும் தானும் மாறிவிடும் 16 பைட் சரிபார்ப்பு எண்ணை, கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதி வைக்கிறது ஃபிளாக். அது போக, ஒலியை 4096 மாதிரி கொண்ட சட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு சட்டத்தின் வாலிலும் அதே போன்ற சின்னச் சரிபார்ப்பு எண்ணாக 16 பிட் சிஆர்சி ஒன்றைப் போடுகிறது. சட்டத் தலைப்புக்குத் தனியாக 8 பிட் சிஆர்சி. இதன் பயன் புரிய, டிஸ்கில் ஒரே ஒரு பிட் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோசமான ரேம், சாகப்போகும் டிஸ்க், பாதியில் பிடுங்கிய யூஎஸ்பி கேபிள், எதனாலும் நடக்கும்.

வேவ் கோப்பில் அந்தப் பிட் ஒரு மாதிரியின் கீழ்ப்பகுதியில் விழுந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. மேல்பிட்டில் விழுந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அது சிடியிலேயே இருந்ததா, ரிப் செய்யும்போது (சிடியைப் படித்துக் கணினிக்கு எடுக்கும்போது) வந்ததா, பிறகு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கோப்பு நன்றாகத் திறக்கும், நன்றாகப் பாடும், அடுத்த பேக்கப்பில் நல்ல பிரதியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அலாக்கில் அந்தப் பிட் அந்தத் துண்டு முழுவதையும் கிறுக்கல் சத்தமாக்கலாம், ஆனால் கெட்டதைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண் அதன் ஒலித் தரவில் கிடையாது. ஃபிளாக்கில் அந்தச் சட்டத்தின் சிஆர்சி ஒத்துவராது. பெரும்பாலான பிளேயர்கள் அந்த 93 மில்லி வினாடியை ஊமையாக்கிவிட்டு அடுத்த சட்டத்துக்குத் தாவும். சோதனைக் கட்டளை கொடுத்தால் அந்த இடத்தில் நின்று பிழை என்று சொல்லும். எந்தக் கோப்பு, கிட்டத்தட்ட எந்த இடம் என்பது வரை தெரிந்துவிடும், மற்ற பிரதியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கோப்பு முழுவதுக்கும் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைப் போட்டு வைத்தால் வேவுக்கும் இதே பாதுகாப்பு கிடைக்காதா என்ற கேள்வி நியாயமானது. கிடைக்கும், ஆனால் பாடகர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தியதும் அந்த எண் செல்லாது. ஃபிளாக்கின் எம்டி5 ஒலிக்கு மட்டுமே உரியது. டேக்கை (கோப்புக்குள் எழுதும் பாட்டு, பாடகர் விவரங்களை) நூறு முறை மாற்றலாம், அட்டைப்படத்தை மாற்றலாம், 5-ஆம் நிலையில் சுருக்கியதை 8-க்கு மாற்றிச் சுருக்கலாம், எம்டி5 அசையாது. ஒரே ரிப்பின் இரண்டு பிரதிகள் வேறு வேறு டேக்கோடு கிடந்தால், எம்டி5 எண்களை ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்துகொள்ளலாம். எந்தத் தொகுப்பிலும் டேக் திருத்தம் என்றைக்கும் முடிகிற வேலை இல்லை என்பதால், இந்த வசதியின் அருமை போகப் போகத் தெரியும்.

சுருக்கும்போது கொடுக்க வேண்டியது இரண்டே சுவிட்ச். ஒன்று மைனஸ் 8, மற்றொன்று வெரிஃபை, கட்டளை வரியில் மைனஸ் போட்டு ஆங்கிலப் பெரிய எழுத்து வி. சுருக்க நிலை 0 முதல் 8 வரை இருக்கிறது, இயல்பு நிலை 5. ஐந்துக்கும் எட்டுக்கும் அளவில் வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். எந்த நிலையில் சுருக்கினாலும் விரிக்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே எட்டுக்குப் போவதில் நஷ்டமில்லை. அதற்கும் மேலே முழுத் தேடல் சுவிட்சுகள் இரண்டு உண்டு, நேரத்தைப் பல மடங்கு தின்றுவிட்டு ஒன்றும் பெரிதாகத் தராது, தொடவே வேண்டாம். 2025-இல் வந்த 1.5 பதிப்பில் ஒரே கோப்பைப் பல கோர்களில் சுருக்கும் வசதி சேர்ந்திருக்கிறது. நாமாகச் சொன்னால்தான் அது செய்யும்.

வெரிஃபை சுவிட்ச் போட்டால், எழுத எழுதவே திருப்பி விரித்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ரேம் கோளாறுள்ள கணினியில் இது ஒன்றுதான் காப்பாற்றும். எம்டி5 சரியாக இருந்து, அதற்குப் பிறகு நினைவகத்தில் தரவு கெட்டு எழுதப்பட்டால் அப்போதே கூச்சல் போடும். இதை இயல்பாகவே ஆன் செய்து கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஏன் செய்யவில்லை என்பதுதான் இந்தக் கருவி மேல் நமக்குள்ள பெரிய மனக்குறை.

பிறகு சோதனை. கட்டளை வரியில் மைனஸ் போட்டு ஆங்கிலச் சின்ன எழுத்து ‘t’. விண்டோஸில் ஃபூபார்2000 வைத்திருப்பவர்கள் ஃபைல் இன்டெக்ரிட்டி வெரிஃபையர் என்ற இணைப்பைப் போட்டு, தொகுப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஓடவிடலாம். வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் வெளி டிஸ்கில் 180 ஜிபி தொகுப்புக்கு அரை மணி நேரம் ஆகும். பேக்கப் எடுப்பதற்கு முன்னால் ஓட்ட வேண்டும், பின்னால் ஓட்டினால் கெட்டது இரண்டு இடத்திலும் இருக்கும்.

சோதனை ஓட்டும்போது சில கோப்புகளுக்கு எம்டி5 பதிவாகவில்லை என்ற எச்சரிக்கை வரலாம். தலைப்பகுதியில் 16 பைட்டும் பூஜ்யம் என்று அர்த்தம். ஒலியைக் குழாய் வழியாக நேரடியாக அனுப்பிச் சுருக்கும் சில மென்பொருள்கள், முடிந்த பிறகு திரும்பிப் போய் அதை எழுத முடியாமல் இப்படி விட்டுவிடும். சட்டங்களின் சிஆர்சி இருப்பதால் கோப்பு முற்றிலும் அநாதையில்லை. அதே கோப்பை ஃபிளாக்கைக் கொண்டே ஒருமுறை மறுபடி சுருக்கினால் எம்டி5 வந்துவிடும், டேக் அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கையொப்பம் இன்றைய நிலைக்குத்தான் சாட்சி, ரிப் செய்த நாளுக்கு இல்லை.

ஃபிளாக் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். கெட்டுவிட்டது என்று சொல்லும், சரிசெய்யாது. சரிசெய்ய இன்னொரு பிரதி வேண்டும், அல்லது பார்2 கோப்புகள் (சேதத்தை மீட்பதற்கென்றே உருவாக்கும் துணைக் கோப்புகள்) வேண்டும். ஆல்பத்துக்குப் பத்து சதவீதம் பார்2 போட்டு வைத்தால் சிறு சேதங்களை மீட்கலாம். டேக் வேலை எல்லாம் முடிந்த பிறகு போட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி போட நேரிடும். டேக்குக்கும் அட்டைப்படத்துக்கும் எந்தச் சரிபார்ப்பும் கிடையாது, அவை கெட்டால் சோதனையில் தெரியாது.

அட்டைப்படத்தால் வரும் வேறொரு வம்பும் இருக்கிறது. டேக் வளர்வதற்காக ஃபிளாக் இயல்பாக 8 கிலோபைட் வெற்றிடம் விட்டு வைக்கிறது, இருபது நிமிஷத்துக்கு மேற்பட்ட கோப்புக்கு 64 கிலோபைட். எழுத்துத் திருத்தமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 600 கிலோபைட் படத்தைச் செருகினால் இடம் போதாமல் கோப்பு முழுவதையும் திருப்பி எழுத வேண்டி வரும். நல்ல மென்பொருள் தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றும். சில, அதே கோப்பின் மேலேயே எழுதும். ஆயிரம் பாட்டுக்கு ஒரே நேரத்தில் படம் செருகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய ஸ்கேன்களை ஆல்பம் ஃபோல்டரிலேயே தனிப் படமாக வைத்துவிட்டு, பாட்டுக்குள் 500 பிக்ஸல் அளவில் சின்னப் படம் மட்டும் செருகுவது நல்லது. கார் ஸ்டீரியோக்களும் அப்போதுதான் திக்காமல் பாடும்.

மற்ற ஃபார்மட்களைப் பார்ப்போம். வேவ் 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது. ஒலிக் காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ தன் டிசி-04 (TC-04) வழிகாட்டியில் வேவையும் அதன் பிராட்காஸ்ட் வடிவத்தையும்தான் பரிந்துரைக்கிறது. நிறுவனங்களுக்கு அது பொருத்தம், அவர்களிடம் சரிபார்ப்பு எண்களைத் தனித் தரவுத்தளத்தில் பராமரிக்க ஆள் இருக்கிறது. வீட்டில் யார் செய்வார்கள்? டேக் வசதியும் வேவில் அரைகுறை, ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொன்று படிக்காது. அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் போகாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் இது இரண்டு மணி நேரம் நாலு நிமிஷம். முழு இரவுக் கச்சேரியை ஒரே ஓட்டத்தில் பதிவு செய்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அந்த வரம்பைத் தாண்ட ஆர்எஃப்64 வடிவம் வேண்டும்.

அலாக்கை ஆப்பிள் 2004-இல் அறிமுகப்படுத்தி, 2011-இல் திறந்த மூலமாக விட்டது. ஐபோன், மேக் என்றே வாழ்பவர்களுக்கு வசதி. ஒலியில் குறையேதும் இல்லை. சரிபார்ப்பு இல்லாததுதான் குறை, நம் கோணத்தில் அது பெருங்குறை. வேவ்பேக் டேவிட் பிரையன்ட்டின் கைவண்ணம், தொழில்நுட்பத்தில் ஃபிளாக்கைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். 32 பிட் ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) ஒலியைச் சுருக்கும், 2016-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டுகளின் ஒலி வடிவமான டிஎஸ்டியையும் சுருக்கும், எம்டி5-ஐயும் கேட்டால் எழுதும். ஃபிளாக் முழு எண் மாதிரிகளை மட்டும்தான் ஏற்கும். களப்பதிவுக் கருவியில் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்பவர்களும் எஸ்ஏசிடி தொகுப்பு வைத்திருப்பவர்களும் மூலத்தை வேவ்பேக்கில் வைப்பதே சரி. மற்றவர்களுக்கு வேண்டாம், காரிலும் டிவியிலும் அது பாடாது. மங்கீஸ் ஆடியோ இன்னும் சில சதவீதம் இறுக்கிச் சுருக்கும், ஆனால் விரிப்பதற்கும் சுருக்கிய அளவுக்கே ப்ராசஸரைப் படுத்தும். இன்றைக்கு அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

எம்பி3, ஏஏசி, ஓபஸ் மூன்றும் காப்பகப் பட்டியலிலேயே வராது. கேட்பதற்கு நல்லவைதான். 128 கிலோபிட் ஓபஸைச் சிடியிலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்கு நடவாத காரியம். ஆனால் ஒரு இழப்பு ஃபார்மட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் இழப்பு கூடும். இழப்பில்லாத ஃபார்மட்களுக்குள் வேவிலிருந்து ஃபிளாக், ஃபிளாக்கிலிருந்து அலாக் என்று எத்தனை தடவை மாறினாலும் ஒரு பிட்டும் போகாது. ஆகவே ஃபிளாக்கை மூலமாக வைத்துக்கொண்டு போனுக்கு ஓபஸ் பிரதி எடுத்துக்கொள்வதே முறை. எம்பி3-யில் கச்சேரி சிடிகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. லேம் என்ற எம்பி3 என்கோடரில் சுருக்கி விரிக்கும்போது பாட்டின் முன்னால் 1105 மாதிரி, அதாவது 25 மில்லி வினாடி, வெற்று ஒலி சேரும். ஆலாபனை ஒரு டிராக்கிலும் கீர்த்தனை அடுத்த டிராக்கிலுமாக வெட்டியிருக்கும் சிடியில், தம்புரா நாதம் அந்த இடத்தில் அறுந்து ஒட்டும். லேம் எழுதும் குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயர்கள் சமாளிக்கும், கார் பிளேயர்கள் பலவும் சமாளிக்காது. ஃபிளாக்கில் மாதிரி எண்ணிக்கை துல்லியமாகப் பதிவாவதால் இந்தப் பேச்சே இல்லை.

எவ்வளவு நல்ல ஃபார்மட்டும் உள்ளே போவதைத்தான் காக்கும். தப்பாகப் படித்த சிடியையும் எம்டி5 போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும். ஆகவே ரிப் செய்வதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர், காசு கொடுத்து வாங்குவதென்றால் டிபிபவர்ஆம்ப். எதுவானாலும் செக்யூர் மோடு (பிழை பார்த்துப் பார்த்துப் படிப்பது), ஆக்யுரேட்ரிப் ஒப்பீடு (அதே சிடியை மற்றவர்கள் எடுத்த ரிப்போடு ஒப்பிடும் இணையத் தரவுத்தளம்) இரண்டும் ஆனில் இருக்கட்டும். ஒவ்வொரு டிரைவும் தரவை ஒரு குறிப்பிட்ட அளவு முன்னே பின்னே தள்ளிப் படிக்கும், அதுதான் ரீட் ஆஃப்செட். +6, +667 என்று மாடலுக்கு மாடல் வேறுபடும். 667 மாதிரி என்பது 15 மில்லி வினாடி, காதுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆஃப்செட் சரியாக அமையாவிட்டால் மற்றவர்களின் ரிப்போடு ஒப்பிட முடியாது.

இங்கே தமிழ் சிடிக்காரர்களுக்கு ஒரு பிரத்யேகப் பிரச்சினை. குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த சிடிகள் ஆக்யுரேட்ரிப் தரவுத்தளத்தில் இருக்காது. ‘தரவுத்தளத்தில் இல்லை’ என்று வந்தால் ரிப் கெட்டது என்று பொருளில்லை, ஒப்பிட ஆளில்லை என்று பொருள். அப்போது டெஸ்ட் அண்ட் காப்பி முறையில் இரண்டு தடவை படிக்க வைத்து, இரண்டு சிஆர்சியும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். டிரைவின் தற்காலிக நினைவகமான கேஷை அணைக்காமல் செய்தால் இரண்டாம் தடவை டிரைவ் தன் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், ஒப்பீடு அர்த்தமிழக்கும். முடிந்தால் இரண்டாவது படிப்பை வேறு டிரைவில் செய்வது உத்தமம். ரிப்பின் லாக் கோப்பையும், டிராக்குகள் எங்கே தொடங்குகின்றன என்று குறிக்கும் க்யூ ஷீட்டையும் ஃபோல்டரிலேயே வைக்கவும், சில கிலோபைட்தான். எண்பதுகளின் சில சிடிகள் ப்ரீ-எம்ஃபஸிஸ் போட்டவை, அதாவது கீச்சு ஒலிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்தவை. ரிப் செய்து கேட்டால் கீச்சென்று இருக்கும். அதைத் திருத்தாமல் அப்படியே வைத்து, டேக்கில் குறித்துக்கொண்டு, கேட்கும் பிரதியில் மட்டும் சரிசெய்ய வேண்டும்.

ஃபிளாக் என்று பெயர் போட்டு வருவதெல்லாம் ஃபிளாக் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். 128 கிலோபிட் எம்பி3-யை விரித்து ஃபிளாக்கில் போட்டு விற்பவர்களும் பகிர்பவர்களும் உண்டு. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் ஸ்கேல் வைத்து வெட்டியது போல ஒரு கோடு தெரியும், அதற்கு மேல் கும்மிருட்டு. 320 கிலோபிட்டாக இருந்தால் கோடு 20-ஐ ஒட்டி நிற்கும், கண்டுபிடிப்பது கடினம். பழைய பாட்டில் மேல் அலைவரிசை இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்து ஒலிப்பதிவு மேலே போகப் போக மெல்ல மங்கும். எம்பி3 திடீரென்று நின்றுவிடும்.

கேசட்டுக்குக் கணக்கே வேறு. நல்ல கேசட்டின் ஒலி வீச்சு 55, 60 டெசிபல், ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று பார்த்தால் பத்து பிட்டுக்குள் முடிந்துவிடும். ஆனாலும் 24 பிட்டில் பதிய வேண்டும். காரணம் நுணுக்கம் இல்லை, பாதுகாப்பு இடைவெளி. உச்சம் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி இருக்கும்படி வைத்துக்கொண்டால் நடுவில் ஒரு மிருதங்க அடி எகிறினாலும் கிளிப் ஆகாது. கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் போதும். வீட்டுக் கல்யாணக் கச்சேரி, தாத்தா பாடிய தேவாரம் என்று உலகத்தில் ஒரே பிரதியாக இருப்பதற்கு 96 வைக்கலாம், ஐஏஎஸ்ஏ பரிந்துரையும் அதுதான். கேசட் ஃபிளாக் சிடி ஃபிளாக் அளவுக்குச் சுருங்காது. கடைசிப் பிட்களெல்லாம் வெறும் இரைச்சல், இரைச்சலைச் சுருக்க வழியில்லை. எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்பதைவிட டேப் ஹெட்டின் சாய்வு முக்கியம். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை, மோனோவில் கேட்டுக்கொண்டே, ஜால்ராவும் ‘ச’கரமும் கூர்மையாகக் கேட்கும் இடத்துக்கு ஒவ்வொரு கேசட்டுக்கும் திருப்ப வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டு 192 கிலோஹெர்ட்ஸில் பதிவதில் பயனில்லை.

பதிவதற்குப் பலரும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைத்தான் நாடுகிறார்கள். அது உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்யும், ஃபிளாக்காக ஏற்றுமதி செய்யும்போது 24 பிட் என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், கவனிக்காவிட்டால் 16 பிட்டில் போய்விடும். இன்னொன்று, சிடியிலிருந்து எடுத்த கோப்பை ஆடாசிட்டியில் திறந்து எதையும் மாற்றாமல் ஏற்றுமதி செய்தாலும், பழைய பதிப்புகள் டிதர் என்ற மெல்லிய இரைச்சலைக் கலந்துவிடும். அதன் பிறகு எம்டி5 மூலத்தோடு ஒத்துப்போகாது. விருப்பங்களில் டிதரை நிறுத்திவிட்டுச் செய்யவும். அதைவிட, சிடி ரிப்பை ஆடாசிட்டி பக்கமே கொண்டுபோகாமல் இருப்பது மேல்.

டேக் விஷயத்தில் ஃபிளாக் தமிழுக்குத் தோதானது. அது பயன்படுத்தும் வோர்பிஸ் காமென்ட் என்ற டேக் முறையில் மதிப்புகள் முழுக்க யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்து முறை), ஆகவே பழைய எம்பி3-களில் வரும் கட்டம் கட்டமான குப்பை எழுத்து வராது. ஒரே புலத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். டூயட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் புலத்தை இரண்டு தடவை போட்டு இருவரையும் தனித்தனியாக எழுதினால், எவர் பெயரில் தேடினாலும் பாட்டு வரும். சினிமாப் பாட்டுக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர்கள், லிரிசிஸ்ட் இடத்தில் கவிஞர் என்று ஒரு முறை வகுத்துக்கொண்டு மாறாமல் இருக்க வேண்டும். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படம் வருவது நம் ஊர் வழக்கம் என்பதால் ஆல்பம் பெயரோடு ஆண்டையும் சேர்த்துவிடுவது நல்லது. ஒலியளவைச் சமப்படுத்த, பாடும்போது எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும் ரீப்ளேகெயின் டேக் போதும், ஒலியைத் தொட்டு நார்மலைஸ் செய்யக் கூடாது.

தொல்லை டேக்கில் இல்லை, கோப்பின் பெயரில் இருக்கிறது. லினக்ஸிலும் பெரும்பாலான என்ஏஎஸ் (நெட்வொர்க் டிஸ்க்) பெட்டிகளிலும் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. ‘விஸ்வநாதன் ராமமூர்த்தி’ என்று எழுதினாலே 64 பைட் போய்விடும். டிராக் எண், பாட்டு, பாடகர்கள் இருவர், படம் எல்லாவற்றையும் கோப்பின் பெயரில் அடைப்பவர்களுக்கு விண்டோஸில் ஒழுங்காக இருந்தது என்ஏஎஸ்ஸுக்கு நகலாகாமல் பாதியில் நிற்கும். ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் என்கிரிப்ட் செய்த ஃபோல்டரில் வரம்பு 143 பைட்தான், அதாவது 47 தமிழ்க் குறி. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்கில் இன்னொரு கூத்து. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை அது இரண்டாக உடைத்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் லினக்ஸுக்கு அனுப்பினால் கண்ணுக்கு அச்சாக ஒன்றாகத் தெரியும் இரண்டு கோப்புகள் அருகருகே கிடக்கும். ஆர்சிங்க்கில் ஐகான்வி சுவிட்ச் போட்டு எழுத்து வடிவை மாற்றச் சொல்லலாம். கோப்பின் பெயரில் டிராக் எண்ணும் பாட்டின் முதல் வரியும் மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் டேக்குக்கு விட்டுவிட்டால் இந்த இரண்டில் நீளத் தலைவலியாவது வராது.

பாட வைப்பதில் ஃபிளாக்குக்கு இப்போது பெரிய தடையில்லை. ஆண்ட்ராய்டு 3.1-இலிருந்தும், விண்டோஸ் 10-இலிருந்தும் தானாகவே பாடும். ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஃபைல்ஸ் ஆப்பில் பாடும், ஆனால் ஆப்பிளின் மியூசிக் ஆப்புக்குள் ஏற்ற முடியாது. அங்கே கேட்டாக வேண்டுமென்றால் ஃபிளாக்கிலிருந்து அலாக் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளலாம், எக்ஸ்எல்டியோ எஃப்எஃப்எம்பெக்கோ டேக்கோடு மாற்றித் தரும். கார் ஸ்டீரியோ வாங்குபவர்கள் பெட்டியில் ஃபிளாக் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றையும், தமிழ் டேக் உள்ள கோப்பு ஒன்றையும் பென் டிரைவில் கொண்டுபோய் கடையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. 16 பிட்டை மட்டும் பாடிவிட்டு மற்றதைத் தாண்டிப்போகிற யூனிட்டுகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.